ஜெரோமிடம் சொன்ன பொய்

சனி இரவு.

நான் மெக்கானிக் என்பதால்தான் தங்கை புருஷன் ஜெரோம் இன்று காலை என்னை விவேக் நகருக்குக் கூட்டிப்போனான். அவன் வாங்க நினைத்தது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். அருமையான இன்ஜின், எவ்வளவு பவர் ஏற்றினாலும் தாங்கும். அவன் ஓட்டும் வேகம் எனக்குத் தெரியும். அதனால்தான், "இன்ஜின் போயிடுச்சு மாப்ளே, வேணாம்" என்று பொய் சொன்னேன்.

எட்டு மணிக்குப் போன் செய்தான். நீலசந்திராவில் வேறொரு காரை வாங்கிவிட்டானாம்.

"பிரேக் லேட்டாதான் பிடிக்குது மச்சான். அத நீங்க பாத்துக்குவீங்க. முதல்ல பவர் ஏத்தணும்."

நாளை சர்ச்சில் பூசை முடிந்ததும் தங்கையையும் குழந்தையையும் அதிலேயே ஏற்றிக்கொண்டு என் ஷெட்டுக்கு வருகிறானாம்.

"அத ஓட்டாத மாப்ளே, நானே வந்து எடுத்துக்கறேன்" என்றேன்.

"காலையில பாத்த வண்டிக்கும் இப்படித்தான் பயமுறுத்துனீங்க" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

அதில் ஏறாதே என்று தங்கையிடம் சொல்லலாம். அவள் நம்ப வேண்டுமென்றால் காலையில் சொன்ன பொய்யை முதலில் நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.