ரோபோவின் தோள் மூட்டு

3-9-79, திங்கள்

விடியும்போதே புழுக்கம். குழாயில் காற்றுதான் வந்தது. கைப்பம்பில் அடித்துக் குளித்தேன். பேருந்தில் நின்றபடியே தி.நகர்.

கடையில் அண்ணாச்சி உள் அறைக்குக் கூப்பிட்டார். கதவையும் சாத்தினார். யாரையோ வேலையை விட்டு நிறுத்தப் போகிறார், அது நானாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். மேசைமேல் ஒரு ஜப்பான் பொம்மை, பர்மா பஜார் வழியாக வந்தது. உள்ளங்கை அளவு. நிறுத்தினால் ரோபோ: சதுரத் தலை, நெஞ்சில் கண்ணாடிச் சதுரம். கைகளை வெளியே இழுத்து மடக்கி, கால்களைப் பின்னால் மடித்து, தலையை உள்ளே அழுத்தினால் கார். தரையில் விட்டால் ஓடுகிறது. பொம்மைக் கடையில் சரக்குப் பார்த்தே தலை நரைத்தவன் நான். இப்படி ஒன்றை இதுவரை பார்த்ததில்லை. பொறாமையாக இருந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

அண்ணாச்சி: "தேனாம்பேட்டை தாஸ்ட்ட இதே மாரி பிளாஸ்டிக்ல அடிக்கச் சொல்லிட்டேன். கொலுவுக்குள்ள சரக்கு வேணும். இப்பல்லாம் மைலாப்பூர் பொம்பளையளு படிக்குக் கீழ பார்க்கு வச்சு, அதுல காரும் ரயிலுமா நிறுத்துதாவ. மாதிரி வந்ததும் பாத்துச் சொல்லும்வே."

நான் பார்க்க வேண்டியவை: ஓரத்தில் பிசிறு. ஈர வேட்டித் துணியில் தேய்த்தால் சாயம் போகிறதா. வாசனை. மேசையிலிருந்து விழுந்தால் என்ன ஆகிறது. மூட்டுகள், முக்கியமாகத் தோள். இறுகினால் குழந்தை அழும், தளர்ந்தால் ரோபோ கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு குடிகாரனைப் போல நிற்கும்.

வீட்டுக்கு வெற்றிலை, மனைவி கோமதிக்குத் தலைவலித் தைலம். தைலம் மறந்துவிட்டது.

5-9, புதன்

மகள் வள்ளியோடு பெரிய ஆஸ்பத்திரி. பாதி நாள் சம்பளம் போயிற்று, போகட்டும். கோடையில் ஊஞ்சலிலிருந்து விழுந்து முழங்கை முறிந்ததும், நாட்டுக் கட்டு போட்டதும், கட்டு இறுகி விரல்கள் நீலம் பாய்ந்ததும் என்று டாக்டர் எல்லாவற்றையும் மறுபடி கேட்டு எழுதிக்கொண்டார். எலும்பு சேர்ந்துவிட்டது. விரல்கள்தான் கொக்கிபோல் மடங்கி நிற்கின்றன.

"விரலுக்கு வேலை குடுங்க. பட்டாணி பொறுக்கட்டும், மாவு பிசையட்டும். அடுத்த வாரம் விட்டு அதுக்கடுத்த செவ்வாய் வாங்க. வலது கையால ஏதாவது ஒண்ணு செஞ்சு காட்டட்டும். முன்னேற்றம் இருந்தா காத்திருக்கலாம். இல்லன்னா ஆபரேஷன். ரொம்பத் தள்ளினா அப்புறம் ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இல்ல."

வள்ளி எட்டு வயசுக்காரி. டாக்டரின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மாடிப் போர்ஷன் மாமி கோமதியிடம்: "ஆபரேஷன்னா சொல்லிட்டார்? பாவம், பொண் கொழந்தை. கத்தி வச்சப்புறம் கை எப்படி இருக்குமோ, இருக்குமோ இருக்காதோ." படிக்கட்டில் நின்றுகொண்டு இவ்வளவு சத்தமாகவா பேசுவது.

8-9, சனி

மேகம், மழை இல்லை.

தாஸ் மாதிரி கொண்டுவந்தான். நல்ல உழைப்பாளி. வாய்தான் அச்சு இயந்திரத்தைவிட வேகம். "ஒரு தபா பாரு சார். ஜப்பான்காரன் கெட்டான். இன்னா, சொல்லு."

பார்த்தேன். பிசிறு: காலில் மட்டும், சுரண்டினால் போகும். சாயம்: துணியில் இலேசாகச் சிவப்பு. வாசனை: மண்ணெண்ணெய் மாதிரி, இரண்டு நாளில் போய்விடும். மேசையிலிருந்து விழுந்தது, உடையவில்லை. தோள்: இறுக்கம். எனக்கே கட்டைவிரல் சிவந்தது.

"தோள் டைட்டு தாஸ்."

"போவப் போவ லூசாய்டும் சார். புதுச் செருப்பு கடிக்காதா?"

இரண்டு மாதிரிகளில் ஒன்றைக் கடையில் வைத்துக்கொண்டு மற்றதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். பட்டாணி பொறுக்கச் சொன்னால் வள்ளி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இதைப் பார்த்ததும் கண் விரிந்தது. இடது கையால் உடம்பைப் பிடித்துக்கொள், வலது கை விரல்களால் தோளை இழு என்று காட்டினேன். விரல் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. பிறகு பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு போய்விட்டாள். தொந்தரவு செய்யவில்லை.

11-9, செவ்வாய்

இன்று எழுதியே ஆகவேண்டும். சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் வள்ளி ஓடி வந்தாள். "அப்பா, திரும்பிக்கோ. பாக்கக் கூடாது."

திரும்பிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் கிர்ர் என்று தோள் திரும்பும் சத்தம். "இப்ப பாரு." வலது உள்ளங்கையில் கார் உட்கார்ந்திருக்கிறது.

"எந்தக் கையால செஞ்ச?"

"இதாலதான்."

கோமதி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். மறுபடி செய்யச் சொன்னோம், மறுபடி திரும்பிக்கொள்ளச் சொன்னாள், மறுபடி கார். கோமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே குழம்பு தீய்ந்துவிட்டது என்று என்னைத் திட்டினாள். கபாலி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். நான் பொதுவாகப் போகிறவன் இல்லை.

மகிழ்ச்சி. வேறு வார்த்தை தேட வேண்டாம்.

14-9, வெள்ளி

காலையில் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன்: தோள் இறுக்கம் பரவாயில்லை, கை சரியில்லாத என் மகளே மாற்றுகிறாள், மற்றப் பிள்ளைகளுக்கு என்ன. "அப்ப மொத்தமா அடிக்கச் சொல்லவா?" என்றார். சொல்லுங்கள் என்றேன்.

தாஸிடம் கொடுக்கத் தேறிய மாதிரி ஒன்று வேண்டும். வள்ளியிடம் கெஞ்சி வாங்கி வந்திருந்தேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் இரண்டு தோளிலும் பள்ளம் பள்ளமாகத் தடம். சாயமும் அங்கே உரிந்திருக்கிறது. கடையில் இருக்கும் மாதிரியில் இல்லை. கோபம் வந்துவிட்டது. மூட்டு ஏறாமல் தாஸின் ஆட்கள் குறடு போட்டு இழுத்திருக்கிறார்கள், அன்றைக்கு மங்கல் வெளிச்சத்தில் என் கண்ணில் படவில்லை என்று தீர்மானித்தேன். மதியம் வந்தவனை வாடிக்கையாளர்கள் முன்னிலையிலேயே பிடித்துக்கொண்டேன்.

"சத்தியமா குறடு போட்ல சார். கையாலதான் சேத்தோம். எம் பொண்டாட்டி சேத்தா சார், அவகிட்ட குறடே கிடையாது."

"அப்ப இது தானா வந்துச்சா?"

அவன் மாதிரியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான். வழக்கமாக இரண்டு வார்த்தைக்கு இருபது வார்த்தை பேசுகிறவன். பொய் சொல்கிறவன் என்று நினைத்துக்கொண்டேன். மாதிரியைப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

கொலுப் பெட்டி பரணிலிருந்து இறக்கியாயிற்று. செட்டியார் பொம்மைக்கு மூக்கு போயிருக்கிறது.

16-9, ஞாயிறு

மதியம் கோமதி கொய்யாப்பழம் நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தாள். வள்ளி ஒரு பெரிய துண்டைக் கடித்தபடி இருந்தாள். தெருவில் தோழி கூப்பிட்டதும் தட்டில் போட்டுவிட்டு ஓடினாள்.

நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். தட்டு பக்கத்தில். கடித்த இடத்தில் வரிசையாகப் பல் தடம், நடுவில் ஒரு இடைவெளி. போன மாதம்தான் முன்பல் விழுந்தது அவளுக்கு.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ. பிறகு எழுந்து பையிலிருந்து ரோபோவை எடுத்து வந்து கொய்யாத் துண்டின் பக்கத்தில் வைத்தேன். அதே வரிசை. அதே இடைவெளி.

கடையில் ஒரு சரக்கையும் முதுகைக் காட்டிக்கொண்டு தேற விட்டதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

வள்ளி திரும்பி வந்தாள். என் கையில் இருந்ததையும் தட்டையும் பார்த்தாள். புரிந்துவிட்டது அவளுக்கு.

"செஞ்சு காட்டும்மா. இன்னிக்கு அப்பா திரும்ப மாட்டேன்."

முயன்றாள். விரல்கள் தோளில் உட்காரவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி, மறுபடி. நானே ரோபோவை வாங்கி வைத்தேன்.

"டாக்டர்ட்ட சொல்லாதப்பா. கைய எடுத்துருவாங்க. மாமி சொன்னாங்க."

எடுக்க மாட்டார்கள், சரி செய்யத்தான் ஆபரேஷன் என்று சொன்னேன். என் குரலே எனக்கு நம்பும்படியாக இல்லை. அவள், "அப்ப நான் தேற மாட்டேனா?" என்று கேட்டாள். தினமும் சாப்பாட்டு வேளையில் நான் கடைப் பொம்மைகளைப் பற்றிச் சொல்கிற வார்த்தை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

கோமதியிடம் சொன்னேன். அவள் ரோபோவை வாங்கித் தோளைத் தடவிப் பார்த்தாள். "நாலு நாள் நிம்மதியா தூங்கினேன். அதையும் வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டீங்க." பாத்திரம் துலக்கி முடித்துவிட்டு வந்து, "செவ்வாய்க்கிழமை நீங்களே சொல்லிடுங்க. என் வாயால வராது" என்றாள்.

சொல்லாமல் விட்டால்? டாக்டர் காத்திருக்கலாம் என்பார். வள்ளி சிரிப்பாள். நாள் போகும், கை போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது. ஆனாலும் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

17-9, திங்கள்

தூறல். குடை ஓட்டை.

கடைக்குப் போகும் முன் தேனாம்பேட்டையில் இறங்கி தாஸின் கொட்டகைக்குப் போனேன். வெளியே பிரம்புத் தட்டில் சிவப்புக் கைகள், நீலக் கால்கள் காய்ந்துகொண்டிருந்தன. அவன் மனைவி உட்கார்ந்து மூட்டுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள், வெறுங்கையால். தாஸிடம் விஷயத்தைச் சொன்னேன். நாலு பேர் முன்னால் திட்டியது தப்பு என்றேன்.

"உடு சார்." தட்டிலிருந்து ஒரு கையை எடுத்துக் காட்டினான்: "பாப்பா பல்லு நல்லா கீதா? மூட்டுல ஆணி கீது சார், பாத்துக்கோ."

மூட்டுக்குள் இரும்பு ஆணி. எனக்கு ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை.

அண்ணாச்சியிடம் போய் நான் தேறும் என்றது தவறு, தோளைத் தளர்த்தாமல் சரக்கு எடுக்க வேண்டாம் என்றேன். காரணமும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"கொலு தலைக்கு மேல நிக்கி. உம்ம பிள்ளைக்கு முடியலேன்னு ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் லூசாக்கச் சொல்லுதீரு."

"ஊர்ப் பிள்ளைங்களும் கை வலிச்சா பல்லாலதான் இழுக்கும் அண்ணாச்சி. சாயம் வாயில போகும். ஆணி கழண்டா அதுவும் வாயிலதான்."

விசிறியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கடைசியில், "தீவாளிக்குப் பாத்துக்கிடலாம். தாஸ்ட்ட நானே சொல்லுதேன். நாளைக்கு நீரு ஆஸ்பத்திரிக்குப் போவும், சம்பளம் பிடிக்க மாட்டேன்" என்றார்.

வள்ளி நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. கோமதி வழியாகத்தான் எல்லாம். "அப்பாவ பென்சில் சீவித் தரச் சொல்லும்மா."

சீவிக் கொடுத்தேன்.

18-9, செவ்வாய்

ஆஸ்பத்திரி. நீண்ட பெஞ்சு. வள்ளி எங்கள் இருவருக்கும் நடுவில். ரோபோவை வேண்டாம் என்று நான் சொல்லியும் எடுத்து வந்திருந்தாள்.

டாக்டர் நல்ல மனநிலையில் இருந்தார். "என்ன பாப்பா, என்ன செஞ்சு காட்டப் போற?"

வள்ளி ரோபோவை எடுத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. "திரும்பிக்கோங்க டாக்டர். பாக்கக் கூடாது."

அவர் சிரித்தார். நாற்காலியைத் திருப்ப ஆரம்பித்தார். கோமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"திரும்பாதீங்க சார்," என்றேன். "பல்லால செய்யுறா."

வள்ளியின் முகத்தை நான் பார்த்தேன். பார்க்க வேண்டியது என் பாடு. அழவில்லை. வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாள். அந்த முன்பல் இடைவெளி.

டாக்டர் சிரிப்பை விட்டுவிட்டு அவள் கையை வாங்கி ஒவ்வொரு விரலாக நிமிர்த்திப் பார்த்தார். மணிக்கட்டை மடக்கி, நீட்டி. ஊசியால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். பிறகு அவளிடமே சொன்னார், எங்களிடம் இல்லை. கையை யாரும் எடுக்க மாட்டார்கள். உள்ளே இறுகிப்போனதைப் பிரித்து விடுவார்கள். வலிக்கும். முழுசாகச் சரியாகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

எங்களிடம்: "காத்திருந்தா போயிருக்கும். ஆயுத பூஜை முடிஞ்சதும் அட்மிட் பண்ணுங்க."

கையெழுத்துப் போட்டேன். பேனா ஓடவில்லை, வேறு பேனா கேட்டு வாங்கினேன்.

திரும்பும்போது பேருந்தில் அவள் ஜன்னலோரம், பக்கத்தில் கோமதி. நான் பின்னால் நின்றேன். வழி முழுக்க அவள் பின்னல்தான் தெரிந்தது. என்மேல் கோபம் இருக்கட்டும். கை இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தும் ஆறவில்லை.

எங்கள் லஸ் நிறுத்தத்தில் நல்ல கூட்டம். கோமதி முன்னால் இறங்கிவிட்டாள், அவளுக்குப் பின்னால் நான் இறங்கித் திரும்பினேன். வள்ளி படியில் நின்றாள். இடது கை கம்பியில். கண்டக்டர், "எறங்கும்மா, எறங்கு" என்கிறார். கட்டுப் பிரித்த நாளிலிருந்து வலது கையைப் பாவாடை மடிப்புக்குள்தான் வைத்திருப்பாள், டாக்டரைத் தவிர யாரையும் தொட விடமாட்டாள். அதை வெளியே எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"நீ பிடிச்சுக்கோப்பா. இதால பிடிக்க முடியல."

பிடித்துக்கொண்டேன். விரல்கள் சில்லென்று இருந்தன.