மழைக்கோட்டுக்காரனின் கன்னம்

கல்லடி,
மட்டக்களப்பு.
14.07.2024

அன்பு மகன் டஸ்டினுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகமாக இருக்கிறேன். மம்மி என்னைவிடச் சுகமாக இருக்கிறார், அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். நீயும் மருமகள் மெலிண்டாவும் அந்த மெல்பேர்ன் குளிரில் நெஞ்சுச்சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பூசையிலும் கேட்டுக்கொள்கிறேன். போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் டடி ஏன் பேனையைத் தூக்கினார் என்று நீ யோசிப்பாய். முகம் பார்த்துப் பேசுவது நீயும் மம்மியும்தான் மகன். மம்மி கை வலித்துப் போனைச் சரிக்கிற நேரத்தில் என் தாடையில் பாதி உனக்குத் தெரியும், நீ டடி சுகமா என்று கேட்பாய், நான் ஓம் மகன் என்று சொல்லி வாயை மூட முன்னம் போன் திரும்பவும் அந்தப் பொம்மைகளுக்கு முன்னால் போய்விடும். பிறகு அரை மணித்தியாலம் கண்ணுக்கு வெள்ளை வைப்பது எப்படி, கோட்டு மடிப்புக்குள் நிழல் இறக்குவது எப்படி என்று இரண்டு பேரும் பேசுவீர்கள். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பேன்.

இங்கே கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது, வெயில் ஆளை உரிக்கிறது. ஆனாலும் நம் வீட்டில் பகலில் ஃபேன் போடக்கூடாது. போட்டால் மம்மி தட்டில் கரைத்து வைத்த பெயின்ட் காய்ந்து போகுமாம். நான் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தையில் வியர்த்துக்கொண்டு இருக்கிறேன். சாப்பாட்டு மேசை முழுவதும் அவருடைய லாம்பும் பூதக்கண்ணாடியும் புருசுகளும், தைலப் போத்தல் மூடிகளில் ஒட்டி நிறுத்திய உன் பொம்மை ஆட்களும்தான். எனக்குச் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டுப் பழகிவிட்டது. டொக்டர் பிரஷர் கொஞ்சம் கூடியிருக்கிறது, வீட்டில் ஏதும் யோசனையா என்று கேட்டார். விரல் நீளத்துப் பொம்மைகளால் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, உப்பு கூடிவிட்டது என்று சொன்னேன்.

நீ முந்தின நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது அந்தப் பொம்மைப் பெட்டியைத் திறந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. உன் சிநேகிதி கெரன் கீறுகிற சித்திரக்கதையில் வருகிற ஆட்களாம், சனிக்கிழமைகளில் நீங்கள் மேசையில் அவர்களை நிறுத்தித் தாயக்கட்டை உருட்டிச் சண்டை பிடிப்பீர்களாம், எல்லாம் வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காக இருப்பதால் பெயின்ட் பண்ண வேண்டுமாம். பெயின்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தேன். இந்த ஊரில் ஆர்னோல்ட் பாஸ் என்றால் யார் என்று கேட்டுப் பார், கல்முனைக்கு ஓடின பஸ்களில் பாதிக்கு நிறம் கொடுத்தது இந்தக் கைதான். முதல் கோட்டு தடிப்பாக அடிக்க வேண்டும், கடைசியில் நல்ல மினுக்கம் விழ வேண்டும் என்று நான் சொன்னேன். நீ சிரித்துவிட்டு, டடி இது பஸ் இல்ல என்று சொன்னாய். மம்மியும் சிரித்தார். நீ சிரித்ததைப் பெரிதாக எடுக்கவில்லை, பிள்ளை சிரிக்கும். ஆனால் அதுவரைக்கும் வீட்டுக் கதவுக்கு ஒரு டின் பெயின்ட் திறக்கத் தெரியாத மம்மி, உனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சிரித்ததை நான் இன்னும் மறக்கவில்லை. நீ போகும்போது மிச்சப் பெட்டியை அவர் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனாய்.

இப்போது ஊரிலும் அவர் பேர்தான். போன கிழமை காத்தான்குடியில் ஆதம்பாவா நானாவின் புத்தகக் கடைக்குப் பேனை வாங்கப் போனேன், அவருடைய பழைய வானுக்கு நிறம் அடித்துக் கொடுத்ததே நான்தான். என்னைக் கண்டதும் வாங்க பாஸ் என்று எழும்பி வந்தார், எனக்கும் சந்தோசம். அதற்கு மறுகா மம்மியைப் பற்றி என்ன சொன்னார் என்றால், மேவிஸ் மிஸ் கேட்ட மெல்லிசுப் புருசு வந்திரிக்கி, கொண்டுபோய்க் குடுங்க, அவங்கட கைய மாதிரிக் கை நான் கண்டதில்ல பாஸ் என்று சொன்னார். புருசைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் சொன்ன மற்ற வசனத்தைக் கொடுக்கவில்லை, அது என்னோடேயே இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மம்மி ஆரையம்பதிக்குக் கேதீஸ்வரி ரீச்சரின் மகளுடைய கல்யாணத்துக்குப் போன நாள், நான் வீட்டில் தனிய இருந்தேன். மேசையில் உன்னுடைய மழைக்கோட்டுக்காரன் நின்றான். கதையில் அவனுக்கு வேறு பேர், என் வாயில் அது வராது. நீ விளையாடும்போது உன் ஆளாக வைத்து விளையாடுகிறவன் அவன்தான் என்று எனக்குத் தெரியும். கோட்டு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. முகம்தான் மங்கலாக இருந்தது. ஒரு கன்னத்தை மட்டும் துடைத்துவிட்டு நான் ஒரு நிறம் வைத்தால், போனில் வருகிற படத்தைப் பார்த்து நீயே மம்மியிடம் இதை யார் செய்தது என்று கேட்பாய் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் ஆசை. கராஜில் எந்தப் பிழையையும் எதால் துடைப்போம், தின்னரால். துணி நுனியில் கொஞ்சம் தொட்டுக் கன்னத்தில் வைத்தேன். பெயின்ட் மட்டும் போகும் என்று பார்த்தால் கன்னமே கையோடு வந்துவிட்டது மகன். பிளாஸ்டிக் இளகி, இடது கண் வாய்ப் பக்கம் இறங்கிவிட்டது. ஊதிப் பார்த்தேன், ஈர்க்குக் குச்சியால் மேலே தள்ளிப் பார்த்தேன், இன்னும் மோசமானது. கடைசியில் அவனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பேப்பர் வாசிக்கிற மாதிரி இருந்தேன்.

மம்மி வந்து சாறிகூட மாற்றாமல் மேசைக்குத்தான் போனார். தின்னர் மணம் அவருக்குத் தெரியாதா, என்னோடு இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியவர். நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன், பதிலுக்குச் சொல்ல வேண்டியதையும் மனதுக்குள் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் பூதக்கண்ணாடிக்குக் கீழே அவனை வைத்துக் கன நேரம் பார்த்தார், பிறகு தேத்தண்ணி குடிச்சீங்களா என்று என்னைக் கேட்டார். அடுத்த நாள் அந்த இளகின கன்னத்தைத் தீக்காயமாக்கினார். சிவப்பும் றோசாவும் கலந்து, காயத்தின் மேலே மாத்திரம் கொஞ்சம் மினுக்கம் வைத்து, இறங்கின கண்ணுக்குப் பால் மாதிரி ஒரு நிறம் கொடுத்தார். எனக்கே பார்க்கப் பயமாக இருந்தது. அவ்வளவு நல்லது.

படம் வந்ததும் நீ வேலைக்குப் போகிற வழியிலேயே போன் எடுத்தாய். நீ அப்படிச் சந்தோசப்பட்டு நான் எத்தனையோ காலம் கேட்கவில்லை. கெரன் அந்தக் காயத்துக்காகத் தன்னுடைய கதையையே மாற்றி எழுதப் போகிறார் என்று சொன்னாய், எப்படி மம்மி உங்களுக்கு இந்த யோசனை வந்தது என்று கேட்டாய். நான் அவருக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். மம்மி என்ன சொன்னார் தெரியுமா, சும்மா வந்திச்சி மகன் என்று சொன்னார். சும்மா வரவில்லை டஸ்டின். அதைக் கொண்டுவந்தவன் நான். நீ போனை வைத்த பிறகு ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவர், உங்களக் காட்டிக் குடுக்கக் கூடாதெண்டுதான் சொல்லல்ல என்று அமைதியாகச் சொன்னார். என்னைக் காப்பாற்றினாராம். நான் கேட்டேனா. நீ என்னை ஏசியிருந்தாலும் பரவாயில்லை, ஏசுவதற்காவது டடியிடம் போனைக் குடுங்க என்று சொல்லியிருப்பாய். அந்த அரை மணித்தியாலம் எனக்குக் கிடைத்திருக்கும். எனக்குப் பொறாமைதான் மகன், வேறு பேர் சொல்லி மறைக்கத் தெரியாது. என் பிழைப்பாக இருந்த பெயின்டை மம்மி எடுத்துக்கொண்டார், அதைப் பொறுத்துக்கொள்வேன். உன்னையும் சேர்த்து எடுத்துக்கொண்டதுதான் பொறுக்கவில்லை.

மழைக்கோட்டுக்காரனை எரித்தது யார் என்று கெரன் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று நீ மம்மியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஆளைத் தேட வேண்டாம் என்று சொல். அது நான்தான். நல்ல உயரம், பெரிய மீசை, கையில் ஒரு பழைய துணி. வேண்டுமென்றால் என் படம் ஒன்று அனுப்புகிறேன், நீ நினைக்கிற மாதிரி எனக்கு அவ்வளவு வழுக்கை இல்லை. வில்லனாக வருவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, உன் மேசையில் உனக்கு எதிரே நின்றால் போதும். அவனுக்கு மம்மி எந்த நிறம் வேண்டுமானாலும் அடிக்கட்டும்.

ஆதம்பாவா நானாவின் மருமகன் ஸாஹிர் வியாழக்கிழமை அங்கே படிக்க வருகிறான். அவன் கையில் மம்மி உன் பொம்மைகளைப் பஞ்சில் சுற்றி அனுப்புகிறார், நான் இதைத் தனியாகக் கொடுக்கிறேன். மம்மிக்குச் சொல்லாதே. ராவில் கார் ஓட்டுவதைக் குறைத்துக்கொள், காலையில் வெறும் கோப்பியோடு ஓடாதே, மெலிண்டாவின் தகப்பனுக்கும் அடிக்கடி போன் எடு, அவரும் எங்கேயோ ஒரு கதிரையில்தான் இருப்பார். கர்த்தர் உங்கள் இரண்டு பேரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உங்கள் வீட்டில் சமாதானமும் சிரிப்பும் நிறையட்டும் என்று உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வாற ஞாயிற்றுக்கிழமை என்னுடைய நம்பருக்கு எடு. மம்மியின் போனில் அன்றைக்குச் சார்ஜ் இருக்காது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மேல் உயிராக இருக்கும் டடி,
ஆர்னோல்ட்