சவரியம்மாள் என்கிற வேண்டா

நெம்மேலி
15.9.2025

அன்புள்ள ஜோஷ்வா அண்ணனுக்கு,

பயப்படாதே, உறையின் மேல் குமார் என்றுதான் எழுதியிருக்கிறேன். அப்பா இருந்தவரை எந்தக் கடிதத்திலும் முதல் வரியாக எழுதிய 'இயேசு மரி சூசை துணை'யையும் எழுதாமல் அந்த இடத்தைச் சும்மா விட்டிருக்கிறேன். நீ, அண்ணி, பாப்பா எல்லோரும் நலமா? ஜான்சியில் வெயில் தணிந்ததா? இங்கே அம்மா நலம் என்று எழுத ஆசைதான். பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை.

போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். நீ எடுத்தபோது பின்னால் உன் ஆபீஸ் ஆட்களின் பேச்சு கேட்டது. எனக்கு வாய் வரவில்லை. இதை ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு படி.

நம் பன்னிரண்டு வீட்டுக்கும் ஜூன் மாதம் நோட்டீஸ் வந்தது உனக்குத் தெரியும். கடலோரத்தில் சொகுசு விடுதி கட்டப்போகிறவர்கள் ஒரு கிரயப் பத்திரம் வைத்திருக்கிறார்கள். 1952-ல் முனியன் மகள் வேண்டா, இடது கைப் பெருவிரல் ரேகை வைத்து இடம் முழுவதையும் விற்றுவிட்டாளாம். வேண்டா நம் தாத்தாவைப் பெற்றவள். நிலமில்லாத நம் ஜனத்துக்கு அந்தக் காலத்தில் சர்க்கார் கொடுத்த இடம் அவள் பேரில்தான் இருந்தது. மற்ற பதினொரு வீட்டுக்காரர்களின் முன்னோரும் அவள் குடியிருக்கச் சொல்லிக் குடிசை போட்டவர்கள். அவள் விற்றது உண்மையானால் எல்லோரும் வெளியே போக வேண்டியதுதான். வரும் திங்கள், 22-ம் தேதி, செங்கல்பட்டு கோர்ட்டில் கடைசி வாய்தா.

இடிப்பதற்காக நம் சுவரில் சிவப்புப் பெயின்டில் 7 என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா அதன்மேல் அப்பாவின் துண்டை மாட்டி வைத்திருக்கிறாள்.

நான் மூன்று வருஷமாகத் துப்பறியும் வேலை பார்க்கிறவள். ஜெயப்பிரியா மேடம் என்னை வேலைக்கு எடுத்தபோது, "உன்ன மாதிரி வாயில்லாப் பூச்சிதான் இந்த வேலைக்கு லாயக்கு. நீ பக்கத்துல குந்திகினு இருந்தாலும் எவனும் பேச்ச நிறுத்த மாட்டான்" என்றார். நீகூடக் கேட்டுச் சிரித்தாய். மாப்பிள்ளை குடிக்கிறானா, முன்பே கல்யாணம் ஆனவனா என்று டிபன் கடையிலும் தையல் கடையிலும் கேட்டு எழுதிக் கொடுப்பதுதான் இதுவரை என் வேலை. இந்த முறை நம் வீட்டுச் செத்தவளைப் பற்றி விசாரித்தேன்.

முதலில் பக்கத்து வீட்டு முனிசாமி பெரியப்பாவிடம் போனேன். மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். "வேண்டாவா? நான் பொறக்கசொல்லவே அது இல்லம்மே. வாந்தி பேதில பூட்ச்சின்னு எங்கம்மா சொல்லும். செத்தவ எய்ந்து வந்து கைநாட்டு வெச்சாளாமா? அப்டின்னா எங்கப்பனையும் எய்ப்பிக் கூட்டியா, ரெண்டு கிரவுண்டு எய்தி வாங்கிக்கிறேன்" என்றார். பெரியப்பாவின் பள்ளிக்கூடச் சான்றிதழில் பிறந்த வருஷம் 1950. பத்திரம் 1952. ஆனால் அவர் அம்மா சொன்னதை அவர் சொல்வது கோர்ட்டில் நிற்காது என்றார் நம் வக்கீல் பரணிதரன். எழுத்தில் வேண்டும்.

மூன்று வாரம் தாலுகா ஆபீஸிலும் பதிவு ஆபீஸிலும் பழைய இறப்புப் பதிவேடுகளைப் புரட்டினேன். தும்மித் தும்மி மூக்கு புண்ணாகிவிட்டது. வேண்டா என்று ஒருத்தியும் சாகவில்லை.

அண்ணா, என் முட்டாள்தனத்தைக் கேள். யாரை விசாரிக்கப் போனாலும் வீட்டில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது மேடம் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். ஊரெல்லாம் அதைக் கேட்கிறேன். நம் காலனியில் எல்லோருக்கும் காகிதத்துக்கு ஒரு பேர், கோயிலுக்கு ஒரு பேர் என்பது எனக்கு மட்டும் தெரியாதா? அப்பா காகிதத்தில் சுப்பிரமணி, கோயிலில் ஏசுபாதம். வரலட்சுமி என்று கையெழுத்துப் போட்டுப் போட்டு, நான் ஹெலன் என்பதே எனக்கு மறந்துவிட்டது போல.

கல்லறைத் திருநாளில் அப்பா எல்லோருக்கும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, சவுக்கு மரத்தடியில் சிலுவை இல்லாத ஒரு மேட்டிலும் ஒன்று ஏற்றுவாரே. யார் என்று கேட்டால் "நம்ம ஆளுதான்" என்பார். போன வியாழக்கிழமை அம்மாவிடம் கேட்டேன். மீன் கழுவிக்கொண்டே, "அது சவரியம்மா. சர்க்காருக்கு வேண்டா. இத்த கேக்கவா மூணு வாரம் ஆபீஸ் ஆபீஸா சுத்திகினு இருந்த? பட்டம் வாங்கின மூஞ்சப் பாரு" என்றாள்.

மறுநாள் ஸ்டான்லி ஃபாதர் கோயில் பீரோவைத் திறந்து கொடுத்தார். பூச்சி அரித்த துணி அட்டை போட்ட அடக்கப் பதிவேடு. '1949 மார்ச் 7. சவரியம்மாள் என்கிற வேண்டா, முனியன் மகள், வயது சுமார் ஐம்பது. பேதி. அன்றே அடக்கம்.' விற்றதாகச் சொல்லும் நாளுக்கு மூன்று வருஷம் முன்பே அவள் அந்தச் சவுக்கு மரத்தடிக்குப் போய்விட்டாள். கோயில் பெஞ்சில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். ஃபாதர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

அந்தச் சிரிப்போடு வக்கீலிடம் ஓடினேன். அவர் படித்துவிட்டு, "சாவு சரிம்மா. பத்திரத்த எதிர்க்க வாரிசாலதான் முடியும். அவங்க வாரிசு நீங்கதான்னு எதுல காட்டுவ?" என்றார்.

அதே புத்தகக் கட்டில்தான் காட்ட வேண்டும். சவரியம்மாளின் மகனுக்கு ஞானஸ்நானம், அவர் கல்யாணம், அப்பாவின் ஞானஸ்நானம், பிறகு 1991-ல் 'ஏசுபாதத்தின் மகன் ஜோஷ்வா'. அதற்குக் கொஞ்சம் தள்ளி நான். அப்பாவின் வாரிசுச் சான்றிதழிலோ அம்மாவும் குமாரும் வரலட்சுமியும் இருக்கிறோம். இரண்டையும் சேர்க்க வேண்டுமானால், ஜோஷ்வாதான் குமார் என்று நான் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். உன் சாதிச் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர் என்று இருக்கிறது. நாம் வேதக்காரர்கள் என்று தெரிந்தால் அந்தச் சான்றிதழ் செல்லாது, அதை வைத்து வாங்கிய வேலையும் நிற்காது. எதிர்த்தரப்பு மறுநாளே உன் ஆபீஸுக்கு எழுதிப் போடும். உன்னை விட்டுவிட்டு மனு போட முடியுமா என்று கேட்டேன். ஒரு வாரிசை மறைத்தால் மொத்தமும் பொய் என்பார்கள் என்றார். கைரேகையைச் சோதிக்கலாம் என்றேன். செத்தவளின் ரேகைக்கு எங்கே போவாய் என்றார். மேடத்தையும் கேட்டேன். அவரும் வக்கீல் சொன்னதையே சொன்னார்.

உன் சான்றிதழுக்காக விசாரிக்க ஆள் வந்த நாள் நினைவிருக்கிறதா? எனக்குப் பதின்மூன்று வயது. அம்மா மாதா சுரூபத்தை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். அவர்கள் போன பிறகு, மாதா முகத்தில் ஒட்டிய தவிட்டை முந்தானையால் துடைத்துத் துடைத்து அழுதாள். நீ வாசலிலேயே நின்றாய். நீ செய்தது தப்பு என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, அண்ணா. என் காலேஜ் உதவித்தொகையும் அதே மாதிரிக் காகிதத்தில் வந்ததுதான். வேதத்தில் சேர்ந்ததால் நம்மை யார் தூக்கிப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்? கல்லறையில்கூட நமக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இடம்.

பாப்பாவை அடுத்த வருஷம் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவதாக அண்ணி சொன்னார்கள். அதை நினைத்தால் இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடத் தோன்றுகிறது. வெளியே வந்தால் பன்னிரண்டு வீட்டுச் சுவரிலும் சிவப்பு எண் தெரிகிறது.

ஃபாதர் முத்திரை போட்டுக் கொடுத்த நகல் பெட்டியில் என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை நான் வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா, "இன்னாடி, கெடச்சுதா?" என்றாள். இன்னும் தேடுகிறேன் என்றேன். நீ வேண்டாம் என்றால் அந்தப் பொய்யையே கடைசிவரை சொல்லிக்கொள்கிறேன். ஹெலனுக்குத் துப்பறியத் தெரியவில்லை என்று ஊரில் சொல்வார்கள். அதை நம்ப யாருக்கும் கஷ்டமாக இருக்காது.

இந்தக் கடிதம் ஸ்பீடு போஸ்டில் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எட்டரைக்கு வீட்டில் இருப்போம். அம்மா கோழிகளுக்கு இரை போடக் கொல்லைக்குப் போவாள். அப்போது எனக்குப் போன் செய். நீ எதையும் விளக்க வேண்டாம். எனக்கும் ஒன்றும் கேட்க வராது. யார் பேசுவது என்று மட்டும் கேட்பேன். உன் பேரைச் சொல்லிவிட்டு வைத்துவிடு. குமார் என்றாலும் ஜோஷ்வா என்றாலும் எனக்குப் புரிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு நாளும் உன்னிடம் அதைப் பற்றிக் கேட்க மாட்டேன்.

எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறவர் உன்னையும் அண்ணியையும் பாப்பாவையும் காக்கட்டும்.

உன் தங்கை,
ஹெலன்