என் பேஸ் கிடாரின் பழைய பாகங்கள்

3-3-74
இன்று என் பேஸ் கிடாரைப் பார்த்து இசைக்குழுவே வாயடைத்து நின்றது. "மாமு, இது கிடாரா, கட்டில் காலா?" என்றான் தலைவன் அருள்பிரகாசம். பொறாமை. மலிவுச் சரக்குதான், ஒத்துக்கொள்கிறேன். மே 6 அக்கா மகள் ஃப்ளோராவின் கல்யாணம். வரவேற்பில் பேஸ் நான்தான் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் இதை அமெரிக்கச் சரக்காக்கிவிடுவேன்.

10-3-74
கம்பி முறுக்கும் சாவிகள் நாலும் புதுசு. ஹார்பரில் நான் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் அழகில் அசந்துபோய் ஜெர்மன் கப்பல் கேப்டன் கொடுத்தார். (வாங்கியது மூர் மார்க்கெட்டில். இந்த நோட்டோடு இருக்கட்டும்.) கூட வேலை பார்க்கும் ஜாபர், "குப்பைல போடறத எனக்குக் குடு மாமு" என்றான். பழைய சாவிகளைத் தருமம் செய்தேன்.

24-3-74
கம்பி உட்காரும் பிரிட்ஜைப் பெரம்பூர் லேத்துக்காரரிடம் பித்தளையில் கடைந்து வாங்கினேன். ஒன்றேகால் கிலோ. கம்பிகள் கட்டையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நிற்கின்றன. விரலில் ரத்தம். பெரிய வித்வான்களுக்கு அப்படித்தான் வருமாம். சொன்னது நான்தான். பழைய பிரிட்ஜும் ஜாபருக்கே.

2-4-74
பிக்கப். கம்பியின் நாதத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் காந்தம். மோட்டார் காயில் கட்டும் கடையில் புதிதாக ஒன்று, செம்புக் கம்பி இரண்டு மடங்கு சுற்றச் சொன்னேன். தொடாமலே உறுமுகிறது. கம்பீரம்! கம்பிகளையும் மாற்றினேன். பழையதெல்லாம் ஜாபருக்கு.
சிலுவையம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எல்லாத்தியும் மாத்திகினு கீறியே, வாசிக்கிற ஆள எப்போ மாத்துவ?"
கட்டினவள் பேசுகிற பேச்சா? நான் ஏழாம் வகுப்பு வரை போனவன். வாசல் வரை.

28-4-74
ஒத்திகை. ஜாபரும் வந்தான், கப்பல் பெட்டிப் பலகையில் அவனே செதுக்கிய பேஸ் கிடாரோடு. அதில் நான் கழித்த சாவி, பிரிட்ஜ், பிக்கப், கம்பி. ரொம்பச் சிரித்தேன். அவன் வாசித்தான். சிரிப்பு நின்றுவிட்டது.
அப்புறம் நான். பிக்கப் போட்ட உறுமலில் டிரம்ஸ்காரன் ஷாக் அடிக்கிறதென்று எழுந்து ஓடினான்.
"கோச்சுக்காத மாமு. கல்யாணத்துக்கு ஜாபரே வாசிக்கட்டும்," என்றான் அருள்பிரகாசம்.
ஃப்ளோராகிட்ட நா இன்னான்னு சொல்றது? — வெரல்ல கட்டு போட்டுகினு, அடின்னு சொல்லிட்டேன். நம்பிட்டா.

29-4-74
எழுத ஒன்றுமில்லை.

6-5-74
கல்யாணம். ஃப்ளோரா கேக்கை என் வாயில் ஊட்டி, "வெரல் தேவலையா மாமா?" என்றாள். கட்டை அவிழ்க்கவில்லை.
மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் ஜெர்மன் கேப்டன் கதையைச் சொன்னேன். நம்பினார். "பேஸு பிரமாதம், யாரு அது?" என்றார்.
"ஜாபர். ஆனா அந்தச் சாவி, பிரிட்ஜ், பிக்கப், கம்பி எல்லாம் என்னுது."
விழுந்து விழுந்து சிரித்தார். இன்றைக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.
சிலுவையம்மாள் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தாள்.
"மெய்தாங்க," என்றாள். "நா பாத்தேன்."