சனியைப் பிடித்த டப்பா

பேசாமல் இருந்தது போதும். நீ இருந்தபோது ஐந்து வருடம் பேசவில்லை. நீ இறந்துபோன செய்தி வந்த அன்றும் ஆலங்குடிக்கு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து இன்று, உன் மனைவி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய பையைப் பிரித்தேன். உள்ளே ஒரு கறுப்பு பிலிம் ரோல் டப்பா, அதன் அடியில் ஒட்டிய வெப்கேமரா. மூடியைத் திறந்ததும் பழைய பிலிமின் புளித்த வாசனை. உன் போட்டோ ஸ்டுடியோவே என் மேசைக்கு வந்துவிட்டது.

இந்த டப்பாவை நாம் செய்தது, கல்லூரியில் துறைத்தலைவர் பதவியை எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவனுக்குக் கொடுத்த வருடம். அந்த ஆளுக்கு இன்றும் நான் வணக்கம் சொல்வதில்லை. கல்லூரி முடிந்ததும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் உன் ஸ்டுடியோவில் வந்து உட்காருவேன். என் தொலைநோக்கியில் வெப்கேமராவைப் பொருத்திச் சனிக்கோளைப் படம் பிடிக்க வேண்டும் என்றபோது நீ சிரித்தாய்.

“ஊரே சனி விட்டாப் போதும்னு கோயிலுக்கு ஓடுது. நீ அதப் புடிக்கணும்ங்கிற. ஒனக்கு நல்லாத்தான் புடிச்சிருக்கு மாப்ள.”

வெப்கேமராவின் லென்ஸைக் கழற்றிவிட்டால் தொலைநோக்கியே அதற்கு லென்ஸ் ஆகிவிடும். அதுவரை எனக்குத் தெரியும். கண் வைத்துப் பார்க்கும் குழாயில் அதை எப்படி நிறுத்துவது? ஒரு மாதம் அளவெடுத்து, திருச்சி லேத் பட்டறைக்குக் கொடுக்க வரைபடம் போட்டுக்கொண்டுவந்தேன். நீ இழுப்பறையிலிருந்து ஒரு பிலிம் டப்பாவை எடுத்துக் குழாயில் செருகினாய். செய்து வைத்ததுபோல் உட்கார்ந்தது.

“எம்ஃபில் வரைக்கும் படிச்சியே, இந்த டப்பா பாடத்துல வரலையாடா?”

அடியை அறுத்துவிட்டுக் கேமராவை ஒட்டினோம். மழைக்காலத்துக்கு முந்திய ஒரு மாலை, வெளிச்சம் போகப் போக உன் மொட்டைமாடியில் லேப்டாப் திரையில் சனி வந்தது. கொதிக்கும் தண்ணீரில் விழுந்த மிளகு மாதிரி நெளிந்தது. இரண்டு நிமிட வீடியோவில் ஆயிரக்கணக்கான படங்கள். காற்று ஒரு நொடி அசையாமல் நின்றபோது விழுந்த படங்களை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். எனக்கு எதையும் விட மனம் வரவில்லை. கல்யாண ஆல்பம் போடும் கையோடு நீ உட்கார்ந்தாய்.

“கண்ணு மூடுன பொண்ணப் போயி ஆல்பத்துல வைப்பியா? தூக்கிப் போடு.”

அன்றிலிருந்து கலங்கிய படமெல்லாம் நமக்குக் ‘கண்ணு மூடுனது’. மிச்சத்தை அடுக்கியதும் வளையம் தனியாக, கோள் தனியாக, நடுவே கறுப்பு இடைவெளி. பாஸ்போர்ட் போட்டோவுக்காகக் கீழே காத்திருந்தவரைக் கையைப் பிடித்து மேலே இழுத்துவந்தாய். “பாருங்கண்ணே, எங்க மாப்ள புடிச்ச சனி.”

சில மாதம் கழித்துப் புதுக்கோட்டையில் ஓர் அறிவியல் கண்காட்சியில் அந்தப் படம் பெரிதாகத் தொங்கியது. கீழ் மூலையில் உன் ஸ்டுடியோ பெயர். என் பெயர் எங்குமில்லை. நான் கேட்கவில்லை. உன் ஸ்டுடியோவுக்கு வருவதை நிறுத்திவிட்டேன். ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில், “நில்லு மாப்ள, என்னடா கோவம், சொல்லிட்டுப் போ” என்று ஓடிவந்தாய். பஸ் ஏறிவிட்டேன்.

இன்று உன் மனைவி போன் செய்தார். “டப்பா வந்துச்சாண்ணே? ஒங்ககிட்டயே சேத்துரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. கோவம் தீந்துருச்சாண்ணே?”

“டப்பா வந்துருச்சும்மா” என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டு, ஏதோ உறுத்த, நீ எடுத்த என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினேன். ஒவ்வொரு படத்திலும் கீழ் மூலையில் அதே ஸ்டுடியோ பெயர். மகளின் காதுகுத்துப் படத்திலும். உன் கடையை விட்டு வெளியே போகும் எதிலும் அந்த முத்திரை விழும். அது உன் கைப்பழக்கம். என் கல்யாணத்தை நீ திருடிக்கொண்டாய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

என் பெயரையும் ஓரமாகப் போட்டிருக்கலாம் என்ற எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து வருடமாக உன்னைப் பற்றி நான் வைத்திருந்த ஒரே படம், கண்ணு மூடுனது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மாடிக்கு ஒருவரை இழுத்துவந்தாயே, அந்தப் படம் இருக்கிறது. கல்லூரியில் நான் நாற்காலி கிடைக்காத ஆள். உன் மாடியில் மட்டும் சனியைப் பிடித்த ஆள். அதற்கு உனக்கு நன்றி, மாப்ள.

இதை ஸ்டுடியோ முகவரிக்குத் தபாலில் போடப்போகிறேன். பிரிப்பது உன் மனைவியாக இருக்கும். கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். யார் எழுதியது என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். இதில் என் பெயர் வேண்டாம்.