நாற்காலியில் ஒரு முட்பூ

யார்க், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு லவ்டே எழுதுவது. பென்சான்ஸ் ஊரின் ஈரத்தில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். வேலையும் போகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் காவல் நிற்கும் அருங்காட்சியக வீட்டில் பழைய நாற்காலிகள்மேல் காய்ந்த முட்பூ ஒன்றை வைத்திருப்போம். உட்காராதீர்கள் என்று எழுதி வைப்பது மரியாதைக் குறைவாம். நேற்று லீட்ஸிலிருந்து வந்த வயதான அம்மாள் ஒருவர் முட்பூவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, அது முந்நூறு வருஷத்து நாற்காலிங்க."

"எனக்கு எண்பத்தி மூணு. யாரு முதல்ல உடையறோம்னு பாக்கலாம்."

நாற்காலி முனகியது. எங்கள் மேலாளர் பிரெய்த்வெயிட் பதறி ஓடி வந்தார். அந்த அம்மாள் அவரையே அதட்டினார்.

"இத்தனை நாற்காலிய வெச்சுக்கிட்டு, இந்தப் பொண்ண நிக்க வெச்சிருக்கியே தம்பி."

இன்று எனக்கு ஒரு முக்காலி வந்திருக்கிறது.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும், நீங்கள் சுடும் குங்குமப்பூ ரொட்டியும் அனுப்புங்கள். என் அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான் உட்காருகிறேன். மற்றதில் ஒரு முட்பூ வைத்திருக்கிறேன், யாரும் உட்காராததற்கு ஒரு காரணம் இருக்கட்டுமே என்று.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. எப்போது வருவீர்கள் என்று எழுதுங்கள். அன்று காலையே முட்பூவை எடுத்துவிடுகிறேன்.

லவ்டே