கால்வாய் அடைபட்ட நாட்களில் போன அப்பாவுக்கு

என் செல்ல அப்பா,

கோபமாகத்தான் எழுதுகிறேன். இடையில் புகுந்து பதில் சொல்ல இனி உங்களால் முடியாது. இந்த ஒரு தடவையாவது என்னை முழுதாகப் பேச விடுங்கள்.

உங்கள் சின்ன மகள் ரூபி வந்து சேர்ந்தாள். நீங்கள் போய் மூன்று வாரம் கழித்து. கொழும்பில் இறங்கி, தனுஷ்கோடி வந்து, ரயில் மாறி மாறிச் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கியவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, அப்பா எப்படி இருக்காவ?" நடுக்கடலில் வருகிறவளுக்குச் செய்தி அனுப்ப எனக்கு வழி தெரியவில்லை. பிளாட்பாரத்தில் வைத்துத்தான் சொன்னேன். பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

போன ஆடியை நினைத்துப் பாருங்கள். சூயஸ் கால்வாய் இனி எங்களுடையது என்று எகிப்துக்காரன் சொன்ன செய்தி பேப்பரில் வந்த அன்று, நம் கயிற்றுக்கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தீர்கள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து கிணற்றில் நீர் இறைக்கும் கமலைக்குக் கயிறு வாங்க வந்தவர், "வீட்ல என்ன விசேஷம்?" என்று கேட்டார். "அவன் மண்ணு, அவன் ஆளுக வெட்டுன வாய்க்கா. இத்தன வருசம் வேற எவனோல்லா வரி வாங்கித் தின்னான்!" என்றீர்கள்.

"ரூபி லண்டன்ல இருந்து வாற வழிப்பா அது," என்றேன்.

"வாறவளுக்கு வழி விடாமலா போவான்? சும்மா கிட, ஏட்டி."

என்ன ஆயிற்று? ஐப்பசியில் உங்கள் நெஞ்சில் நீர் கோத்தது. தந்தி கிடைத்ததும் ஆஸ்பத்திரி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவள் கப்பலேறினாள். பாதி வழி வருவதற்குள் இங்கிலாந்தும் பிரான்சும் எகிப்தில் குண்டு போட்டன. எகிப்துக்காரன் கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்தான். ரூபியின் கப்பல் வந்த வழியே திரும்பி ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு வந்தது.

நீங்களோ உலகப்படத்தை மடியில் விரித்து, "இப்போ எங்கன வாறா?" என்று தினமும் கேட்டீர்கள். எனக்கு என்ன தெரியும்? ஏதோ ஓர் இடத்தில் விரலை வைத்தேன்.

பஞ்சு வியாபாரி சண்முகம் அண்ணாச்சி உங்களைப் பார்க்க வந்தார். "நம்மகிட்டயும் பெரிய பீரங்கிக் கப்பல் இருந்தா, ஒரு பய வழிய அடைப்பானா?" என்று கொதித்தார்.

மூச்சு வாங்க நீங்கள் சொன்னீர்கள்: "இருந்தா நாமளும் அடுத்தவன் வாசல்ல போயி நிப்போம், வே. நேத்து வெள்ளக்காரன். போன உலகச் சண்டையில ஜப்பான்காரன் வந்து கொழும்புல குண்டு போட்டான். நாளைக்கு நாம."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க மக வந்து சேரலியே, அது வலிக்கலியா?" என்று கத்தினேன்.

"வலிக்கத்தான் செய்யி, ஏட்டி. அதுக்காவ அவன் வாய்க்கா நம்மதாயிருமா?"

மறுநாள் காலையில் போய்விட்டீர்கள். சாகும்போதுகூட நியாயம் பேசாமல் ஒரு வசவாவது விட்டிருக்கக் கூடாதா?

ரூபி சொன்ன கதையைக் கேளுங்கள். மால்ட்டா பக்கம் வரும்போது சாம்பல் நிறத்தில் போர்க்கப்பல்கள் வரிசையாகத் தாண்டிப் போயினவாம். "எங்க கப்பலத் திருப்பிட்டாங்கக்கா. அதுக மட்டும் போச்சு. எதுக்குப் போகுதுன்னு கப்பல் அதிகாரியக் கேட்டேன். கடல்வழி எல்லாருக்கும் திறந்திருக்கணும், அதுக்குத்தான்னான். அந்த எல்லாருல நான் இல்லியான்னேன். தொப்பியத் தொட்டுட்டுப் போயிட்டான்."

அவர்கள் திறக்கப் போகும்வரை அது திறந்துதானே கிடந்தது? இதை யாரிடம் போய்க் கேட்பது? பேப்பரில் ஒருவன் உரிமை என்கிறான், இன்னொருவன் சட்டம் என்கிறான். தகப்பன் முகத்தைப் பார்க்க முடியாமல் போனவளுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். நீங்கள் கடைசியாகச் சொன்னதை அங்கே வைத்துச் சொன்னேன். எகிப்துக்காரனைத் திட்டுவாள், என்னோடு சேர்ந்துகொள்வாள் என்று பார்த்தால், அழுதுகொண்டே, "அப்பா சொன்னது சரிதானக்கா," என்கிறாள். உங்கள் மகள்தானே! இரண்டு பேரும் ஒரு கட்சி. நான் மட்டும் தனி.

பங்குனியில் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். கால்வாயில் மூழ்கின கப்பல்களை இன்னும் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். சுற்றித்தான் போவாள் போலிருக்கிறது.

உங்களுக்கு ஒன்று தெரியுமா? இத்தனை பேர் அடித்துக்கொள்கிற அந்தக் கடலை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இந்தக் கரிசல் காட்டில் பிறந்து இங்கேயே இருந்துவிட்டேன். அதனால் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்: அவளைத் தனியாக அனுப்ப மாட்டேன். தனுஷ்கோடிவரை நானே போய் ஏற்றிவிடுவேன். அவள் கப்பல் கண்ணுக்கு மறைந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நிற்பேன். யாரைக் கேட்டு இறங்கினாய் என்று எவன் வந்து கேட்கிறான், பார்க்கிறேன்.

உங்களோடு இன்னும் சண்டை தீராத மூத்த மகள்,
எஸ்தர்
சங்கரன்கோவில்